டீக் துறைப் பலகை

எங்கள் மாவட்டமான ப்ரூயிட் கவுண்டியில் சாலையோரம் நிற்கும் வரலாற்றுப் பலகைகளில் பதினேழை நட்டவன் நான். குழி தோண்டி, கம்பத்தை இறக்கி, கான்கிரீட் ஊற்றி, பலகை கோணாமல் நிற்கிறதா என்று மட்டம் பார்ப்பது வரை என் வேலை. அவற்றில் பதினாறைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் பள்ளிக்கூடம், இடிந்துபோன செங்கல் சூளை, ஏதோ ஒரு தளபதி தங்கிவிட்டுப் போன வீடு, இப்படித்தான். மிச்சமுள்ள ஒன்று டாலோ ஆற்றங்கரையில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

1976ஆம் வருஷம். அமெரிக்காவுக்கு இருநூறு வயது நிறைந்த வருஷம். டென்னஸி மாநிலத்தில் எந்தக் கவுண்டியைப் பார்த்தாலும் தன் பெருமையைத் தேடித் தோண்டிக்கொண்டிருந்தது. எங்கள் கவுண்டியின் வரலாற்றுக் கழகத்துக்குத் தலைவி மிஸ் வினிஃப்ரெட் லாஸிட்டர். முப்பது வருஷம் பள்ளி ஆசிரியை, கல்யாணம் செய்துகொள்ளாதவர். பஞ்சு அரைவை ஆலையும் பாதி கடைத்தெருவும் அவர்கள் குடும்பத்துடையவை. எங்கள் சாலைத் துறையில் யார் மேற்பார்வையாளர் ஆவது என்பதைக்கூட லாஸிட்டர்களைக் கேட்காமல் முடிவு செய்யமாட்டார்கள். பழைய மேற்பார்வையாளர் ஹோபர்ட் அந்த டிசம்பரில் ஓய்வு பெறவிருந்தார். அந்த இடத்தின் மேல் எனக்கு ஒரு கண் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆற்றுக்குப் போகும் பாதையில் கடைசி வீடு லூடி டீக்குடையது. அறுபத்து நான்கு வயது, தனியாள். கண்ணழுத்த நோய் வந்து பார்வை போய்க்கொண்டிருந்தது. வெளிச்சம் தெரியும், எதிரே ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. என் மனைவி பிரசவத்துக்குப் பின் படுத்த படுக்கையாகக் கிடந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது லூடியால்தான். இதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லூடியின் அப்பா ஓரின் டீக், டீக் துறை என்று ஊர் சொல்லும் படகுத்துறையில் படகோட்டி. ஆற்றின் குறுக்கே வடம் கட்டி, அந்த வடத்தைப் பிடித்து இழுத்து அக்கரைக்குக் கொண்டுபோகும் தட்டைப் படகு. 1919 அக்டோபரில், மழையில் ஆறு பெருகி ஓடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் படகு நடு ஆற்றில் கவிழ்ந்தது. ஜெபக்கூட்டத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தவர்களில் பதினொரு பேர் செத்தார்கள். அதில் ஆறு பேர் குழந்தைகள். ஓரின் டீக் குடித்திருந்தார் என்று ஊர் சொன்னது. அவர் கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடும், சர்ச்சில் அவர் உட்கார்ந்த வரிசை காலியாகிவிடும். மூன்றாவது வருஷம் மாட்டுக்கொட்டகை உத்தரத்தில் தொங்கினார். அவரைக் கீழே இறக்கியது லூடியும் அவருடைய அம்மாவும். அப்போது லூடிக்குப் பத்து வயது.

படகு கவிழ்ந்ததை ஏழு வயது லூடி கரையில் நின்று பார்த்திருந்தார். அவர் என்னிடம் சொல்வது வேறு கதை.

"எங்கப்பா வாயில ஒரு சொட்டு பட்டதில்ல, டெல்மர். ஏற்கனவே ஆளுங்க நிறைஞ்சு நின்னாங்க. அப்பத்தான் ஜே. டி. லாஸிட்டர் பஞ்சு மூட்டை ஏத்துன லாரிய கொண்டாந்து நிறுத்துனாரு. கவுண்டிக்கே அதுதான் முதல் லாரி. எங்கப்பா முடியாதுன்னாரு. மூணு தடவ முடியாதுன்னாரு. 'துறைக்கு லைசென்ஸ் யாரு குடுத்தாங்கன்னு மறந்துடுச்சா ஓரின்?'னு கேட்டுட்டு, லாரிய ஏத்தச் சொன்னாரு. கவுந்ததும் முதல்ல கரையேறுன ஆளும் அவருதான்."

ஜே. டி. லாஸிட்டர்தான் மிஸ் வினிஃப்ரெட்டின் அப்பா.

லூடியின் வார்த்தை மட்டும் என்றால் யாரும் மதிக்கப்போவதில்லை. ஆனால் அவரிடம் ஒரு காகிதம் இருந்தது. அந்த லாரியை ஓட்டிய கிளெம் என்பவர் சாகக் கிடந்தபோது போதகரை வரவழைத்து, நடந்ததைச் சொல்லி எழுதவைத்துக் கையெழுத்துப் போட்ட காகிதம். இருபத்தைந்து வருஷமாக அது லூடியின் பைபிளுக்குள் இருந்தது. துறைக்குப் பலகை வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் லூடி என்னைத் தேடி வந்தார்.

"என்னை மிஸ் வினிஃப்ரெட் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறியா? படிச்ச பொம்பள. காகிதத்தப் பாத்தா நியாயம் தெரிஞ்சுடும்."

என் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். வரவேற்பறை வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மிஸ் வினிஃப்ரெட் காகிதத்தை இரண்டு முறை படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. லூடியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை வருஷம் இதை வச்சுக்கிட்டு ஏம்மா சும்மா இருந்த?"

"யாரும் கேக்கலையே, மிஸ் வினிஃப்ரெட்."

"இது எங்கிட்டயே இருக்கட்டும். மாநிலத்து ஆளுங்களுக்குக் காட்டணும். பத்திரமா வச்சிருப்பேன். அப்புறம் லூடி, திறப்பு விழாவுல துணியை விலக்குறது நீதான். படகோட்டி மகள் கையாலதான் திறக்கணும். சரியா?"

திரும்பி வரும்போது லூடி வழியெல்லாம் அழுதார். சந்தோஷத்தில்.

செப்டம்பரில் பலகை வந்தது. அலுமினிய வார்ப்பு, எழுத்துகள் மேடாகப் புடைத்து நிற்கும். ஹோபர்ட்டும் நானும் சாலைத் துறைக் கொட்டகையில் பெட்டியைப் பிரித்தோம். அதில் இருந்தது இது:

'டீக் துறை. 1919 அக்டோபர் 12 அன்று, படகோட்டி ஓரின் டீக் குடிபோதையில் இருந்ததால் இங்கு படகு கவிழ்ந்து பதினொரு பேர் மாண்டனர். வணிகர் ஜே. டி. லாஸிட்டர் தம் உயிரைப் பொருட்படுத்தாமல் வெள்ளத்தில் குதித்து நால்வரைக் காத்தார்.'

நான் இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தபோது ஹோபர்ட் என் தோளில் தட்டினார்.

"படிச்சிட்டியா?"

"படிச்சேன்."

"மறந்துடு. டிசம்பர்ல என் நாற்காலி காலியாகுது. ஞாபகம் வச்சுக்க வேண்டியது அது ஒண்ணுதான்."

அன்று சாயங்காலமே லூடி வேலியோரம் காத்துக்கொண்டிருந்தார்.

"வந்துடுச்சாமே. பாத்தியா? என்னடா எழுதிருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு, மிஸ் லூடி. விழாவுல பாத்துக்கலாம்."

"எங்கப்பா பேரு இருக்கா?"

"இருக்கு."

அதுவரைக்கும் நான் சொன்னது பொய்யில்லை.

விழாவன்று நாற்பது பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். லூடி நீலக் கவுன் போட்டு, வெள்ளைத் தொப்பி வைத்து, எல்லோருக்கும் போதுமான அளவு வெண்ணெய் கேக் சுட்டு எடுத்து வந்திருந்தார். பலகையின் வாசகம் அன்று காலைப் பத்திரிகையிலேயே வந்திருந்தது. அங்கிருந்த எல்லோரும் படித்திருந்தார்கள், லூடியைத் தவிர. ஒரு கையில் கேக்கை வாங்கிக்கொண்டு மறு கையால் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

மிஸ் வினிஃப்ரெட் பேசி முடித்ததும் லூடி துணியை இழுத்தார். பத்திரிகைக்காரன் படம் எடுத்தான். லூடி பலகையைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார். அவர் கண்ணுக்கு அது வானத்துக்கு எதிரே ஒரு கறுப்புக் கட்டம், அவ்வளவுதான். கைதட்டல் ஓய்ந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"டெல்மர், எனக்குப் படிச்சுக் காட்டுப்பா. சத்தமா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஹோபர்ட் தரையைப் பார்த்தார். மிஸ் வினிஃப்ரெட் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, வகுப்பில் பையனை எழுப்பி நிறுத்திய மாதிரி காத்திருந்தார்.

நான் படித்தேன். "டீக் துறை. முப்பது வருஷம் இங்கே நேர்மையாகப் படகோட்டிய ஓரின் டீக்கின் நினைவாக. 1919 அக்டோபர் 12 அன்று, அவர் மறுத்தும் கேட்காமல் அதிகச் சுமை ஏற்றப்பட்டதால் படகு கவிழ்ந்து பதினொரு பேர் மாண்டனர். அவர் மேல் குற்றமில்லை."

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வார்ப்பில் இருப்பதைப் படிப்பதுபோல் கண்ணைக்கூட வரிவரியாக நகர்த்தினேன். கூட்டத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். லூடி தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ அந்தக் கடைசி வரி," என்றார்.

"அவர் மேல் குற்றமில்லை."

"அழகா படிச்ச, டெல்மர்," என்றார் மிஸ் வினிஃப்ரெட். பிறகு லூடியிடம் போய்க் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். அந்தம்மா அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், ஆனால் மதித்திருப்பேன். சொல்லவில்லை. அதைவிட நல்ல விளையாட்டு கையில் கிடைத்துவிட்டது.

கவுண்டி முழுக்க அந்த விளையாட்டை விளையாடியது. லூடி கடைக்கு வந்தால், பணப்பெட்டி அருகே உட்கார்ந்திருக்கும் ஆட்கள் மரியாதையாக எழுந்து நிற்பார்கள்.

"மிஸ் லூடி, உங்க பலகையில என்னமோ எழுதிருக்காமே, நாங்க அந்தப் பக்கம் போகவே இல்ல. என்னது?"

லூடி மனப்பாடமாக ஒப்பிப்பார். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும், நிறுத்திய இடத்தில் நிறுத்தி.

"அடேயப்பா! அவர் மேல் குற்றமில்லைன்னே போட்டிருக்கா?"

"ஆமாங்க. அப்படியே."

அவர் கதவைத் தாண்டும்வரை அடக்கிக்கொண்டு, பிறகு மேஜையில் குத்திக் குத்திச் சிரிப்பார்கள். நானும் அங்கே இருந்திருக்கிறேன். ஒருமுறை நானும் சிரித்தேன். டிசம்பரில் எனக்கு மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. கிறிஸ்துமஸுக்கு லூடி மிஸ் வினிஃப்ரெட்டுக்கு ஒரு கேக் கொண்டுபோனார். அந்தம்மா வாங்கிச் சாப்பிட்டார்.

சனிக்கிழமைதோறும் லூடி ஒரு வாளித் தண்ணீரும் துணியுமாகப் போய்ப் பலகையைத் துடைப்பார். மேலே எட்டாது என்று சொன்னபோது நான்தான் ஏறி நிற்க ஒரு மரப்பெட்டி செய்துகொடுத்தேன். அதுவும் கருணை என்றே நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் ஒருநாள் வேலியோரம் கூப்பிட்டார்.

"டெல்மர், அந்தப் பலகையில லாஸிட்டர்னு பேரு வருதா?"

"இல்லையே. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாத்தான்."

மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துகள் தெரியும். துடைக்கும்போது கடைசி வரியில் துணிக்கு அடியில் விரலில் எழுத்து தட்டுப்பட்டிருக்கிறது. பிறகு துணியை வைத்துவிட்டு வெறும் விரலால் தடவியிருக்கிறார். அடுத்த சனிக்கிழமை அதற்கு மேல் வரி. அதற்கடுத்த சனிக்கிழமை பெட்டியில் ஏறி அதற்கும் மேலே. கீழிருந்து மேலாகப் படித்ததால் முதலில் அவருக்குக் கிடைத்தது வீரர் ஜே. டி. லாஸிட்டர், பிறகு செத்த பதினொரு பேர், எல்லாவற்றுக்கும் கடைசியாக அப்பா பெயரும் அதன் பக்கத்தில் இருந்த வார்த்தையும். மூன்று சனிக்கிழமையும் நான் அந்த வழியாக வண்டியில் போனேன். கையசைத்தேன்.

மூன்றாம் சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"இன்னொரு தடவ சொல்லு."

"என்னத்த, மிஸ் லூடி?"

"பலகையில இருக்கிறத."

சொல்லியிருக்கலாம். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவர் விரல்நுனி சிவந்திருந்தது. ஆனாலும் வாய் பழைய பாடத்தையே ஒப்பித்தது. நேர்மையாகப் படகோட்டிய, அவர் மறுத்தும், குற்றமில்லை. லூடி கடைசிவரை கேட்டார்.

"உன் பொண்டாட்டிக்கு நான் மூணு மாசம் மலம் அள்ளினேன், டெல்மர்," என்றார். குரலை உயர்த்தவில்லை. திரும்பிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை, குதிரைக் குளம்பு தேய்க்கிற அரத்தை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனார். நான் செய்துகொடுத்த பெட்டியில் ஏறி நின்று, பட்டப்பகலில், அப்பா பெயருக்குப் பக்கத்தில் இருந்த அந்த வார்த்தையை அராவினார். கார்கள் போய்க்கொண்டிருந்தன. சிலர் ஹாரன் அடித்தார்கள். அந்த வார்த்தை போனதும் ஜே. டி. லாஸிட்டருக்கு வந்தார். பாதிப் பெயர் தேய்ந்திருந்தபோது ஷெரிஃபின் வண்டி வந்தது. முழங்கை வரை அலுமினியத் தூள் அப்பியிருந்தது. அரத்தைக் கொடுக்கமாட்டேன் என்று இறுக்கிப் பிடித்ததில் விரல் ஒன்று மடங்கி முறிந்தது. நீதிமன்றத்தில் விசாரணைக்கு நின்றபோது அந்தக் கை கட்டுப் போட்டிருந்தது.

மாநிலச் சொத்தைச் சேதப்படுத்தியதாக வழக்கு. நீதிபதி கேட்டார், "ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"அதுல இருக்கிறது பொய்யிங்க. நிஜத்துக்குக் காகிதம் இருக்கு. மிஸ் வினிஃப்ரெட்கிட்ட குடுத்திருக்கேன். பலகையில வேற எழுதிருக்குன்னு எனக்குப் படிச்சுக் காட்டுனாங்க. நாற்பது பேரு கேட்டாங்க. டெல்மரக் கேளுங்க."

மிஸ் வினிஃப்ரெட் எழுந்து, அப்படி ஒரு காகிதத்தைத் தாம் பார்த்ததே இல்லை என்றார். பாவம், வயதாகிவிட்டது, கண்ணும் தெரியவில்லை, சிறைக்கெல்லாம் அனுப்ப வேண்டாம் என்று கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

"மிஸ்டர் பிக்ஸ், நீங்க பலகையைப் படிச்சுக் காட்டுனீங்களா?"

"படிச்சேன்."

"என்ன படிச்சீங்க?"

"என்ன இருந்துச்சோ அதைத்தான்."

"காகிதம் ஏதாவது கைமாறுனதைப் பாத்தீங்களா?"

"நான் வெளிய வண்டியில இருந்தேன்."

விழாவில் கேக் தின்றவர்களில் பன்னிரண்டு பேராவது அந்த அறையில் இருந்தார்கள். ஒருவரும் இருமக்கூட இல்லை. லூடி என் குரல் வந்த திசையைப் பார்த்துக்கொண்டே நின்றார். புத்தி தடுமாறியவர், தனியாக விடுவது ஆபத்து என்று எழுதி அவரைக் கவுண்டி முதியோர் இல்லத்துக்கு அனுப்பினார்கள்.

ஆகஸ்டில் புதுப் பலகை வார்த்து வந்தது. அதே வாசகம். நான்தான் நட்டேன், இந்தமுறை கைக்கு எட்டாத உயரத்தில். மறு வருஷம் ஆற்றுப்பாதையை அகலப்படுத்தினோம். லூடியின் வீடு சாலைக்குள் வந்தது. இடித்தது என் ஆட்கள். பைபிளை மட்டும் எடுத்து வைத்திருந்தேன். அதைக் கொடுக்கத்தான் இல்லத்துக்குப் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு போனேன்.

ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளிச்சம்கூட இப்போது தெரியவில்லை. முறிந்த விரல் கோணலாகக் கூடியிருந்தது.

"யாரு?"

"டெல்மருங்க."

போகச் சொல்வார் என்று நின்றேன்.

"உக்காரு. அங்க பத்திரிகை கிடக்கும். படி."

படித்தேன். கால்நடைச் சந்தை, சர்ச் விருந்து, ஒரு கல்யாணம். முடித்ததும் லூடி குரல் கொடுத்தார். "வில்லா!" அங்கே வேலை செய்யும் பெண் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இவன் எனக்குப் படிச்சான். நீ அதையே இன்னொரு தடவ படி. இவன் முன்னாலயே."

வில்லாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் படித்தாள். லூடி தலையைச் சாய்த்து, வார்த்தை வார்த்தையாக ஒப்பிட்டுக் கேட்டார். நான் உட்கார்ந்திருந்தேன்.

"சரியாத்தான் இருக்கு," என்றார் கடைசியில். "அடுத்த ஞாயிறு வா."

மூன்று வருஷம் ஞாயிறுதோறும் போனேன். ஒருமுறைகூட வில்லாவைக் கூப்பிடாமல் விட்டதில்லை. வில்லா இல்லாத நாளில் சமையல்காரரைக் கூப்பிடுவார், சமையல்காரரும் இல்லையென்றால் பார்வையாளர் யாரையாவது. வருகிறவர்களிடம், "இவன் படிச்சா ரெண்டாவது ஆள் வேணும்," என்று என்னைக் காட்டி விளக்குவார். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். ஏன் போனேன் என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். போகாமலிருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

1981 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் பக்கத்திலேயே மிஸ் வினிஃப்ரெட்டின் படம். தூக்கத்தில் போய்விட்டார். ஒரு கணம் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடலாமா என்று நினைத்தேன். தாண்டவில்லை.

"மிஸ் வினிஃப்ரெட் லாஸிட்டர் காலமானார்," என்று ஆரம்பித்தேன்.

லூடி கையை உயர்த்தினார். "வில்லா, இங்க வா. இவன் சொல்றது உண்மையா?"

வில்லா எட்டிப் பார்த்தாள். "ஆமாம்மா. பெரிய படமே போட்டிருக்காங்க."

"சரி. நீ மேல படி, டெல்மர்."

'இக்கவுண்டியின் வரலாற்று உண்மைகளைப் பொய்யிலிருந்தும் மறதியிலிருந்தும் காப்பதற்கே தம் வாழ்நாளை அர்ப்பணித்தவர்' என்று இருந்தது. அதை இருந்தபடியே படித்தேன். லூடி சிரிக்கத் தொடங்கினார். நாலு வருஷமாக அவர் சிரித்து நான் கேட்டதில்லை. சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சுத் திணறலாகி, வில்லா ஓடிவந்து முதுகைத் தடவ வேண்டியதாயிற்று. தண்ணீரைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்த பத்திரிகையை வில்லாவின் பக்கம் தள்ளினார்.

"அந்த வரியை நீ படி. இவன் கதை கட்டிச் சொல்றானோ என்னமோ."

வில்லா படித்தாள். ஒரு வார்த்தை மாறவில்லை.